அழாத மரம்

செய்யாத குற்றத்திற்குப் பழி சுமக்கும் மாந்தர் உலகில் உளர். அவ்வாறே, தமக்குரியதல்லாத துயரத்தைச் சுமந்து நிற்கும் மரங்களும் உள. ஆங்கிலேயர் 'அழும் வில்லோ' என வழங்கும் மரம் அத்தகையது. நீர்க்கரையில் நின்று, மெல்லிய கொம்புகளை நிலந்தோயத் தாழவிடும் அதன் தோற்றம், தலைவிரித்துப் புலம்பும் மகளிரை நினைப்பூட்டுதலின் இப்பெயர் எய்திற்று. ஆயினும், அதனை அழுகைக்கே அடையாளமாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது எமது துணிபு.

முதற்கண் அதன் பெயரை ஆராய்வோம். சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753-ஆம் ஆண்டில் இதற்குச் 'சாலிக்ஸ் பாபிலோனிக்கா' எனப் பெயரிட்டார். 137-ஆம் சங்கீதத்தில், சிறைப்பட்ட யூதர் பாபிலோன் ஆறுகளருகே தம் கின்னரங்களைத் தூக்கிவைத்த மரம் இதுவே என்பது அவர் கருத்து. ஆனால் இம்மரத்தின் தாயகம் சீன தேசம். யூப்ரடீஸ் நதிக்கரையில் இயல்பாய் வளர்வது பாப்ளர் இனத்து மரமொன்று. சங்கீதக்காரர் குறித்தது அதுவாகலாம் என்பர் இற்றைநாள் ஆராய்ச்சியாளர். நம் தமிழ் வேதாகமமோ 'அலரி' என்று மொழிபெயர்த்துளது. அலரியைத் தோட்டத்துப் பூஞ்செடியாகவே கண்டறிந்த நம் மாணவர், அதன்மேற் கின்னரம் தொங்கியது எங்ஙனம் என வியத்தல் இயல்பே.

மரத்தின் பெயர் பிழையெனின் வேதவாக்கின் மாட்சி குன்றுமே என அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் வேண்டா. கி. மு. 586-ஐ ஒட்டி எருசலேம் வீழ்ந்தது மெய். அந்நிய நாட்டிற் பாட நாவெழாது வருந்தினோர் துயரமும் மெய். அவர்தம் கின்னரத்தைத் தாங்கிய கொம்பு எம்மரத்ததாயினும் அத்துயரம் சிறிதும் பொய்யாகாது. உண்மையை ஆராய அஞ்சும் பக்தி உறுதியான பக்தியன்று.

பாபிலோனின் பெயரொடு துயரமும் இம்மரத்தைத் தொடர்ந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்லறைக் கற்களில் இதன் உருவைப் பொறித்தனர். 1821-இல் நெப்போலியனைச் செயின்ட் ஹெலினா தீவில் வில்லோ மரங்களினருகே அடக்கம் செய்தபின், அவண் சென்றோர் அவற்றின் கொம்புகளை நினைவுப் பொருளாகக் கொண்டேகினர்.

இதன் தாயகத்தாரோ இதனிடத்து வேறொரு பொருளைக் கண்டனர். சீன மொழியில் இம்மரத்தின் பெயராகிய 'லியூ' என்பது, 'தங்கியிரு' என்னும் பொருள்தரும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. ஆதலின், பிரிந்து செல்லும் நண்பர்க்கு இதன் கொம்பை ஒடித்துக் கொடுத்தல் பண்டை வழக்கம். அக்கொம்பை ஈரமண்ணில் ஊன்றினால் எளிதில் வேர்கொள்ளும். பிரிவின் வருத்தம் அவ்வழக்கத்தில் இல்லாமலில்லை. ஆயினும் சென்ற இடத்தில் தழைக்கலாம் என்னும் நம்பிக்கையும் உடனிருந்தது.

இனி இதன் பயனை நோக்குவோம். வில்லோ மரங்களின் வேர்கள் பின்னிப் படர்ந்து ஆற்றங்கரை மண்ணை அரிந்துபோகாது காக்கும். வளைந்து கொடுக்கும் கொம்புகள் கூடை முடைய உதவும். இவ்வினத்துப் பட்டையின் கசப்பைச் சுவைத்தறிந்த எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கில நாட்டுக் குருவானவர், அதனைப் பொடித்துக் காய்ச்சலுற்றோர்க்குக் கொடுத்து, தாம் கண்ட பயனை 1763-இல் ராயல் சங்கத்தார்க்கு எழுதினார். நோய் பிறக்கும் ஈரநிலத்திலேயே அதற்கு மருந்தும் இருக்கும் என்னும் எண்ணம் அவரை ஊக்கியது. 1828-இல் ஜெர்மானியராகிய புக்னர் பட்டையினின்று சாலிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். இவ்வழி நிகழ்ந்த ஆராய்ச்சியின் பயனே 1899-இல் ஆஸ்பிரின் என்னும் பெயரொடு வெளிவந்த மருந்து. அழும் மரமென உலகம் இகழ்ந்த இனமே, மக்களின் நோவைத் தணிக்கும் வழியையும் காட்டிற்று.

கவிழ்ந்த தலையைக் கண்டவளவில் துயரமென்று தீர்ப்பிடுதல் மரத்தினிடத்து மட்டும் நாம் செய்யும் பிழையன்று. அடக்கத்தை அச்சமென்றும், மௌனத்தை அறியாமையென்றும் நம் உடன் மாணவரிடத்தும் பிழைபடக் கொள்கின்றோம். தோற்றத்தை விடுத்து வேரையும் பயனையும் நோக்கக் கற்பதே கல்வி. இவ்வாண்டு இக்கல்லூரியை விட்டுச் செல்லும் அன்பர்கட்கு யாம் கூற விழைவதும் இதுவே: கல்லறைக் கல்லிற் பொறித்த வில்லோவை மறந்து, வழியனுப்புவோர் கையிற் கொடுத்த கொம்பை நினைமின், எம்மண்ணில் ஊன்றப்படினும் ஆங்கே வேரூன்றி, அந்நிலத்தின் கரையைக் காமின்.