நேர்த்தியா, நேர்த்திக்கடனா?

நேர்த்தி! நயமான சொல். இழை பிசகாத நெசவையும், கோணாத சுவரையும், நூல் பிடித்தாற்போன்ற வரப்பையும் கண்டு நாம் வியந்து கூறும் சொல். அதே சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு: தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது. ஒன்று உழைப்பின் பெருமை. மற்றொன்று அச்சத்தின் கடன்!

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலைப் பாருங்கள். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் அங்கே, பெண்டிர் ஊறிய அரிசியை உரலிலிட்டு இடிக்கின்றனர், சலிக்கின்றனர், வெல்லம் கூட்டிப் பிசைந்து, குழித்து, நெய்யூற்றி மாவிளக்கு ஏற்றுகின்றனர். பட்டுப்போன்ற மாவு, சரியாத குழிவு, அணையாத திரி! இந்த நேர்த்தி எவருடையது? இடித்த கையினுடையது அன்றோ? அக்கைக்குக் கிடைத்த பட்டமோ, கடன்காரி!

பிள்ளையின் காய்ச்சலைத் தணித்தது மருந்து. விடிய விடிய விழித்திருந்தவள் தாய். பாடுபட்டவளே கடனும் கட்டவேண்டுமாம்! எவருக்கு, எதற்கு என்று கேட்கிறோம். அவளை நாம் ஏளனம் செய்யவில்லை. அவளைக் கடனாளியாக்கிய எண்ணத்தையே சாடுகிறோம்.

தோழர்களே! சொல்லைத் துறக்க வேண்டா, மீட்போம். கடன் ஒழியட்டும், நேர்த்தி நிற்கட்டும். கைகூப்பியது போதும், இனி அந்தக் கைத்திறனைப் போற்றுவோம்!