தொடாதே என்று சொல்லும் நிறம்

பள்ளி விடுமுறைக்குத் தியோமான், ரெடாங் தீவுகளுக்குப் போகிறீர்களா? பவளப்பாறைக்கு மேல் நீந்தும்போது மீன்களை மட்டும் தேடாதீர்கள். பாறையோடு ஒட்டி மெல்ல ஊர்ந்து செல்லும் இந்தப் பிராணியும் கண்ணில் படலாம். கறுப்பு உடல், நீளவாக்கில் நீல வரப்புகள், அவற்றின்மேல் மஞ்சள் பொட்டுகள். பெரிதாக வளர்ந்தாலும் நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இதன் பெயர் ஃபிலிடியா வேரிகோசா. ஓடில்லாத கடல் நத்தை. 1801இல் இதற்குப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க். கால் நரம்பு புடைத்தால் மருத்துவர் ‘வேரிகோஸ்’ என்கிறாரே, அதே சொல்தான் இதுவும். முதுகில் புடைத்திருக்கும் வரப்புகளைப் பார்த்தால் காரணம் புரியும். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை இது வாழ்கிறது.

தலையில் உள்ள இரண்டு மஞ்சள் கொம்புகளால் இது நீரில் கலந்துவரும் வாசனையை அறிகிறது. உணவு கடற்பஞ்சு மட்டுமே. பல் இல்லாததால் பஞ்சின் சதையைக் கரைத்து உறிஞ்சிக் குடிக்கிறது. அந்தப் பஞ்சில் இருக்கும் நச்சு இதைக் கொல்வதில்லை. இதன் உடலில் சேர்ந்து ஆயுதமாகிவிடுகிறது. இந்த நத்தை கக்கும் கோழை மீன்களைக் கொல்லும் என்பதை 1963இலேயே ஆய்வாளர் ஒருவர் எழுதிவைத்தார். எனவே இந்தப் பளிச்சென்ற நிறம் அலங்காரமல்ல, எச்சரிக்கைப் பலகை. அந்தப் பலகைக்குப் போலியும் உண்டு. ஒருவகைக் கடல் அட்டையின் குஞ்சு, நஞ்சுள்ள இந்த நத்தைகளைப் போலவே வேடமிட்டுத் தப்பிப் பிழைக்கிறது!

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. முட்டைகளை நாடாபோலச் சுருட்டிப் பாறையில் ஒட்டும். வெளிவரும் குஞ்சுக்குச் சிறிய ஓடு உண்டு. நீரில் மிதந்து திரிந்து, பாறையில் குடியேறும்போது அதைக் கழற்றிவிடும்.

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று இதை வாளியில் போட்டு வீட்டு மீன்தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். தொட்டியில் இதற்கு ஏற்ற உயிருள்ள பஞ்சு கிடைக்காது, பட்டினியில் சாகும். மிரண்டு கோழை கக்கினால், கூட இருக்கும் மீன்களும் போய்விடும். கைபடாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, துடுப்புக்கால் பாறையில் உரசாமல் நகர்ந்துவிடுங்கள். அடுத்த விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் பார்க்கட்டும்.