படத்தைக் கெடுக்காத வேகம்

ஆவணியும் தையும் பிறந்துவிட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து வீடியோக் கடைகளில் கணினிகளுக்கு ஓய்வில்லை. ஒரு கல்யாணத்தின் எடிட்டிங் முடிந்து ‘ரெண்டர்’ போட்டுவிட்டால், அது முடியும்வரை அடுத்த வேலையைத் தொட முடியாது. தேன்கனிக்கோட்டையிலிருந்து பெண் வீட்டாரும், எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் டி.வி.டி. எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த நெருக்கடியில் கை தானாகப் போவது மென்பொருளில் ‘வேகம்’ என்று போட்டிருக்கும் தேர்வுக்குத்தான். விடிய விடிய ஓட வேண்டிய வேலை பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடுகிறது. ஆனால், படம் கட்டம் கட்டமாக உடைகிறது. வேகம், தரம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறு. டி.வி.டி.க்காகப் படத்தைச் சுருக்கி எழுதும் ‘என்கோடிங்’கில் நேரம் பெரும்பாலும் தேவையற்ற வேலைகளில் கரைகிறது. அவற்றை நீக்கினாலே, தரத்தில் கை வைக்காமல் கணிசமான நேரத்தை மீட்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1980களில் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் டைட்டன் கைக்கடிகாரமும் இந்த ஊரின் முகத்தை மாற்றின. டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங் வலியுறுத்தியது இதுதான்: தரம் உயர்ந்தால் கழிவும் மறுவேலையும் குறையும், அதனால் செலவும் நேரமும் தாமாகவே இறங்கும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பொறுப்புள்ள எந்த சூப்பர்வைசரும் சைக்கிள் டைமைக் குறைப்பதற்காகப் பாகத்தின் அளவுத் துல்லியத்தைத் தளர்த்தச் சொல்ல மாட்டார். பொருள் எங்கே காத்துக் கிடக்கிறது, எந்த வேலை இரண்டு முறை நடக்கிறது என்று தேடி, அங்கே வெட்டுவார். ஒரு ரெண்டரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டு ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் டி.வி.டி.யின் ஒரு பிரேம் 720-க்கு 576 புள்ளிகள். நொடிக்கு 25 பிரேம்கள். சுருக்காமல் வைத்தால் இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ 112 ஜிபி வரும். சாதாரண டிஸ்க்கில் இடமோ 4.7 ஜிபி. ஆக, இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும். எம்பெக்-2 முறை இதைச் செய்வது, ஒவ்வொரு பிரேமையும் முழுதாக எழுதாமல், முந்தைய பிரேமிலிருந்து எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறிப்பதன் மூலம். அந்த நகர்வைத் தேடுவதில்தான் என்கோடரின் நேரத்தில் பெரும்பகுதி செலவாகிறது. ‘வேகம்’ என்ற தேர்வு பெரும்பாலும் வெட்டுவது இந்தத் தேடலைத்தான். மணமேடையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டும்போது அதன் இழப்பு தெரியாது. பறையாட்டத்திலும் ஊர்வலத்திலும் பளிச்சென்று தெரியும். தாலி கட்டும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். சுற்றி நிற்கும் கேமராக்களின் ஃபிளாஷ் மின்னும்போது அடுத்தடுத்த பிரேம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன. நகர்வைத் தேடிச் சேமிக்க வழியில்லாததால் அந்த நொடிகளுக்குக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. குடும்பம் ஆயுசுக்கும் திரும்பப் பார்க்கப்போகும் காட்சியில்தான் அவசர என்கோடிங் முதலில் தோற்கிறது.

அப்படியானால் எங்கே வெட்டலாம்? முதலாவது, படத்தின் நீளத்தைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பது. படம் முழுவதையும் ஒரு முறை அலசிவிட்டு மறுமுறை எழுதும் ‘டூ பாஸ்’ முறை, இடம் நெருக்கும்போது மட்டுமே பயன் தரும். ஒரு மணி நேரப் படத்துக்கு 4.7 ஜிபியில் நொடிக்கு 10 மெகாபிட்டுக்கு மேல் இடம் இருக்கிறது (இந்த அளவுதான் ‘பிட்ரேட்’), டி.வி.டி. விதிப்படி படத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமே 9.8 மெகாபிட்தான். அங்கே இரண்டாவது பாஸ் ஓடுவது வெட்டி வேலை. அதை விட்டாலே நேரம் பாதியை நெருங்கிக் குறையும். அதே டிஸ்க்கில் மூன்று மணி நேரம் ஏற்றினால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்தான் மிஞ்சும். அங்கே டூ பாஸைக் கைவிடக் கூடாது. நான்கு மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணிப்பதைவிட இரண்டு டிஸ்க்காகக் கொடுப்பதே நேர்மை. இரண்டாவது, பழைய வி.எச்.எஸ். கேசட்டுகள். அந்த நாடாவில் குறுக்குவாட்டில் பதிந்திருக்கும் விவரமே ஏறத்தாழ 240 கோடுகள் அளவுதான். அதை 352-க்கு 576 என்ற அளவில் ஏற்றினால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு அநேகமாக இல்லை. டி.வி.டி. விதியும் இதை அனுமதிக்கிறது. புள்ளிகள் பாதியாவதால் கணினியின் வேலையும் பாதியாகிறது. மிஞ்சும் இடத்தில் படம் இன்னும் சுத்தமாகவே நிற்கும்.

மூன்றாவது, மாற்றத்தின் மேல் மாற்றம். எடிட்டிங்கிலிருந்து எச்.264 என்ற சுருக்க வடிவில் ஒரு கோப்பு, அதிலிருந்து டி.வி.டி.க்கு எம்பெக்-2 என்று இரண்டு முறை சுருக்குவது நேரத்துக்கும் கேடு, படத்துக்கும் கேடு. நேராக ஒரே முறை சுருக்கினால் இரண்டும் பிழைக்கும். டேப்பில் ஒன்றுவிட்ட கோடுகளாகப் பதிந்த படத்தை டி.வி.டி. அப்படியே ஏற்கும், அதை முழு பிரேமாக மாற்றும் கூடுதல் வேலை தேவையில்லை, கோடுகளின் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். நான்காவது, வேலையைப் பங்கு போடுவது. டி.வி.டி. வீடியோ சில பிரேம்கள் கொண்ட சிறு தொகுப்புகளின் வரிசைதான். காட்சி மாறும் இடங்களில் படத்தைத் துண்டாக்கி, பிராசஸரின் ஒவ்வொரு கோருக்கும் ஒரு துண்டைத் தந்து, முடிந்ததும் சேர்த்துக்கொள்ளலாம். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களைத் துண்டுகளாகப் பிரித்துப் பல கணினிகளில் ஒரே சமயத்தில் சுருக்குவதும் இந்தத் தத்துவத்தில்தான். ஒரே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படித்து அதிலேயே எழுதாமல் இரண்டாகப் பிரிப்பதுகூட, டிஸ்க்குக்காக பிராசஸர் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்.

இந்த எல்லைப் பகுதிக்கென்றே இன்னொரு பெரிய சேமிப்பு இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த மண்ணின் ஆலைகளுக்கு இன்று ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் வந்திருக்கிறார்கள். பாதுகாப்புப் பயிற்சிப் படம் ஒன்றை ஐந்து மொழிகளில் தர வேண்டுமென்றால், மொழிக்கு ஒன்றாக ஐந்து முறை என்கோட் செய்ய வேண்டியதில்லை. ஒரு டி.வி.டி. எட்டு ஒலித்தடங்களையும் முப்பத்திரண்டு சப்டைட்டில்களையும் தாங்கும். படத்தை ஒரே முறை, பொறுமையாக, உயர்ந்த தரத்தில் சுருக்கிவிட்டு, ஒலியை மட்டும் மொழிக்கு மொழி சேர்த்தால் போதும். ஒலியைச் சுருக்கப் படத்துக்கு ஆகும் நேரத்தில் மிகச் சிறு பங்கே ஆகும். ஐந்து முறை ஓட வேண்டியது ஒரு முறையோடு முடியும்போது, அந்த ஒரு முறைக்கு மெதுவான, நுட்பமான தேடலைத் தாராளமாகவே கொடுக்கலாம்.

டி.வி.டி.யே வழக்கொழிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். புதிய லேப்டாப்களில் டிரைவ் இருப்பதில்லை என்பதும், கல்யாண வீடியோக்கள் பென் டிரைவுக்கும் யூடியூபுக்கும் நகர்ந்துவிட்டன என்பதும் உண்மைதான். ஆனால், வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. பீரோக்களில் கிடக்கும் கேசட்டுகளை ஓட்டக் கருவிகள் அருகிவருகின்றன. நாடாவும் ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. ஓசூர் தேர்த் திருவிழாவையும் ஊர்க் கூத்துகளையும் பதிந்த கேசட்டுகளை இன்று டிஸ்க்குக்கு மாற்றும்போது செய்யும் பிழையை நாளை திருத்த முடியாது. மேலும், பிட்ரேட், நகர்வுத் தேடல், மறுசுருக்கம் பற்றிச் சொன்ன அனைத்தும் பென் டிரைவுக்குப் போகும் எச்.264 கோப்புக்கும் பொருந்தும்.

வாடிக்கையாளர் சின்ன செல்போன் திரையில்தானே பார்க்கிறார், வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது என்ற வாதமும் உண்டு. இன்றைய செல்போனில் தெரியாத குறை நாளைய ஐம்பத்தைந்து அங்குல டி.வி.யில் தெரியும், அப்போது மூலக் கோப்பு கடையில் இருக்காது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினால் எல்லாம் தீருமே என்பார்கள். அந்தக் கார்டுகளின் சில்லுகளில் உள்ள என்கோடர்கள் வேகமானவைதாம். ஆனால், அவற்றில் பல எச்.264, எச்.265 வடிவங்களுக்காகச் செய்யப்பட்டவை, டி.வி.டி.க்கு வேண்டிய எம்பெக்-2-வை எல்லாச் சில்லுகளும் எழுதுவதில்லை. பிட்ரேட் குறைவாக இருக்கும் இடத்தில் நிதானமான மென்பொருள் என்கோடரே பெரும்பாலும் நல்ல படம் தருகிறது. பணம் போட்டுக் கருவி வாங்குவதற்கு முன்னால் வேலையின் வரிசையைச் சீர்செய்ய வேண்டும், அதற்குச் செலவில்லை.

ஆகவே, கடைக்காரர்கள் ரெண்டர் பொத்தானை அழுத்தும் முன் படத்தின் நீளம், மூலத்தின் தரம், மாற்றங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். வாடிக்கையாளர்கள் டிஸ்க்கோடு, சுருக்கத்துக்கு முந்தைய மாஸ்டர் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான கூடுதல் தொகையைக் கொடுக்கத் தயங்கக் கூடாது. இப்பகுதியின் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் தொழிற்சாலை உற்பத்திமுறைப் பாடத்தோடு இந்த வட்டாரத்து வீடியோத் தொழிலாளர்களுக்கென ஒரு குறுகியகாலப் பயிற்சியையும் நடத்தலாம். வீண்வேலையைக் குறைத்து வேகம் கூட்டும் அறிவு ஓசூர் ஆலைகளில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. அது ஆலைச் சுவரைத் தாண்டி வீடியோக் கடைகளுக்கும் வந்து சேர வேண்டும்.