சங்கிலியா, சில்லா? உழவு இயந்திரம் வாங்க இருப்போர் கவனத்திற்கு

காலபோகம் நெருங்கும்போது தாராபுரத்திலிருந்து உழவு இயந்திரங்கள் மன்னார்ப் பாலத்தைத் தாண்டி முருங்கன், நானாட்டான் பக்கம் புறப்படுவது வழக்கம். ஊர் மணல் பூமி. நெல் விளைவது தீவுக்கு வெளியே, 20,000 ஏக்கருக்கு மேல் நீர் பாயும் கட்டுக்கரைக் குளத்தின் கீழ். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் காலம் கழித்து, 2009க்குப் பின்னர் திரும்பியவர்களில் கையில் சிறிது முதல் இருந்தவர்கள் ட்ரக்டர் வாங்கி வாடகை உழவில் இறங்கினர். இன்றும் பல குடும்பங்களின் வருமானம் அதில்தான் தங்கியிருக்கிறது.

இவர்களிடையே இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று. அறுவடை மெசின் றப்பர் சங்கிலியில் சேற்றுக்குள் படகு போல ஓடுகிறதே, உழவுக்கும் அப்படியொன்றை எடுத்தால் என்ன? வெளிநாட்டு வயல்களில் சங்கிலியில் ஓடும் உழவு இயந்திரங்களைக் கைபேசியில் பார்ப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பே. எனது அபிப்பிராயம், வேண்டாம் என்பதே. அதிலும் லீசிங்கில் வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். முருங்கன் களி சாதாரண களியல்ல. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் களிமண் ஏற்றப்பட்டது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, கல்லாய் இறுகிக் கிடக்கும். மழை விழுந்ததும் பசை போல் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, கலப்பை இறங்கக்கூடிய பதம் சில நாட்களே நிற்கும். எல்லா விவசாயிகளும் அந்த நாட்களில்தான் மெசின் கேட்கின்றனர். அந்த நேரத்தில் பின்சில்லு நின்ற இடத்தில் சுழன்றால் போவது டீசல் மட்டுமல்ல, அடுத்த வயற்காரரின் வாடகையும்தான். 2022 ஜூனில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபா விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சங்கிலியின் சிறப்பை நான் மறுக்கவில்லை. மூன்று தொன் எடையுள்ள ஒரு மெசின், 45 சென்ரிமீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் நீளமும் நிலத்தில் படியும் இரண்டு சங்கிலிகளில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு விழுவது கால் கிலோவிலும் குறைவு. டயர் நிலத்தை அழுத்தும் அளவோ ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டியது. 14 இறாத்தல் காற்றென்றால் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ, 28 என்றால் இரண்டு கிலோ. ஆகவே சங்கிலி புதையாது, வழுக்குவதும் குறைவு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904இல் தமது நீராவி இயந்திரத்தின் சில்லுகளைக் கழற்றிச் சங்கிலி பூட்டிப் பார்த்ததும், எவ்வளவு அகலமான சில்லையும் விழுங்கிவிடும் ஆற்றுமுகச் சதுப்பு நிலத்துக்காகத்தான். கட்டர்பில்லர் கொம்பனியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த நிலங்கள் பெரும் பண்ணைகள். ஒரு முறை இறங்கிய இயந்திரம் வெளியே வரவேண்டிய தேவை குறைவு. நமது தொழில் அப்படியா? தாராபுரத்தில் பூட்டி நிறுத்திய ட்ரக்டர் வயலை அடைய 20 கிலோமீற்றருக்கு மேல் தார் வீதியில் ஓட வேண்டும். போனால் ஒருவரிடம் இரண்டு ஏக்கர், இன்னொருவரிடம் மூன்று ஏக்கர் என்று வரம்பு வரம்பாக ஏறி இறங்க வேண்டும். உழவு முடிந்தால் பெட்டி பூட்டி மணல், கல், விறகு ஏற்ற வேண்டும். உழவு நாட்கள் வருடத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாதாமாதம் வரும் தவணையைக் கட்டுவது பெட்டி ஓட்டம்தான். சங்கிலிக்குத் தார் வீதி எதிரி. அதைக் கொண்டுபோக லொறி வேண்டும், தேய்ந்தால் மாற்றும் செலவும் பெரிது. வீட்டு முற்றத்தில் மெசின் சும்மா நிற்கும் மாதத்திலும் தவணைத் தேதி வந்துவிடும். தவணை தவறி மெசினைப் பறிகொடுத்தவர்களின் கதை நம் ஊர்களுக்குப் புதிதல்ல.

சில்லிலேயே இன்னும் எவ்வளவோ பிடிமானம் மிச்சமிருக்கிறது. நம்மவர்கள் அதை எடுப்பதில்லை என்பதுதான் எனது ஆதங்கம். மணல் ஏற்றுவதற்காக இறுக்கிய காற்றோடு அப்படியே வயலில் இறங்குகிறார்கள். டயர் கொம்பனியின் அட்டவணை அனுமதிக்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. திரும்பி வீதிக்கு ஏறுமுன் மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அடுத்தது பாரம். 13.6-28 அளவுள்ள பின்டயர் ஒன்றுக்குள் முக்கால் பங்கு தண்ணீர் விட்டால் 150 லீற்றருக்குக் குறையாமல் பிடிக்கும். இரண்டிலும் சேர்த்து 300 கிலோவுக்கு மேல். ஒரு விடயம், தீவின் உவர்க் கிணற்றுத் தண்ணீரை விடாதீர்கள். றிம் உள்ளிருந்து துருப்பிடித்துப் போகும். இந்தப் பாரம் புழுதி உழவுக்கு மாத்திரமே. சேற்று உழவில் பாரம் கூடினால் மெசின் இன்னும் புதையும். அங்கே இரும்புக் கூட்டுச் சில்லுதான் சரி.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்று ஓடும் தூரத்தை வயலில் அடையாளமிடுங்கள். அதே தூரத்தைக் கலப்பை இறக்கி உழுதுகொண்டு ஓடுங்கள். பதினொன்றரைச் சுற்று வந்தால் நல்லது. பதின்மூன்று வந்தால், சில்லு சுற்றுவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வீண். பத்தை ஒட்டியே நின்றால் பாரம் தேவைக்கு மேல் ஏறிவிட்டது, மெசின் தன்னையே சுமக்க டீசல் குடிக்கிறது.

இவ்வளவும் செய்தும் போதவில்லை என்பவர் அடுத்த மெசினை நாலு சில்லும் இழுக்கும் வகையில் எடுக்கட்டும். பின்சில்லு மட்டும் இழுக்கும் ட்ரக்டரில் முன்பக்கத்துப் பாரம் இழுவைக்கு உதவாமல் வெறுமனே உருள்கிறது. முன்சில்லும் இழுத்தால் அந்தப் பாரமும் வேலை செய்யும். வீதியில் மட்டும் முன்னிழுவையைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்டயர் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சங்கிலி மெசின் வேண்டுமென்றால் அறுவடைக்கு எடுங்கள். ஈர வயலில் நெல்லையும் சுமந்துகொண்டு போகும் அந்த வேலைக்கு அது பொருந்தும். அதன் விலை தனியொருவரால் தாங்கக்கூடியதல்ல. வட்டிக்கு எடுத்து ஒருவர் மூழ்குவதைவிட, நம்பிக்கையான நாலு பேர் முதலிட்டு முஷாரகா முறையில் வாங்கலாம். இலாபப் பங்கு, நட்டப் பங்கு, யார் ஓட்டுவது, பழுது பார்ப்பது யார் கணக்கில், விலக விரும்புபவர் எப்படி விலகுவது என்பதையெல்லாம் மெசின் வருமுன் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டு, முதல் பழுதிலேயே பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வழக்குப் போன கூட்டுகளை நாம் அறிவோம். சங்கிலி மாற்றும் செலவுக்கென்று ஒவ்வொரு போகத்தின் வருமானத்திலிருந்தும் ஒரு தொகையைப் பங்கு பிரிக்குமுன் ஒதுக்குவதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.