மெக்கானிக்கல் படிப்பைச் சாகடிக்காதீர்கள்

கவுன்சலிங் காலம் வந்தால் மதுரையில் வழிகாட்டி மேடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் மண்டபம் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். பேச வருகிறவர் தவறாமல் ஒரு கணக்குச் சொல்வார்: “பெட்ரோல் வண்டியில் 2000 பாகம் அசையுது. மின்வண்டியில் இருபதுதான். இனி மெக்கானிக்கல் படிச்சு என்ன பண்ணப் போறீங்க? பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுங்க.” பல வருடமாக இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் மிச்சம். நல்ல கைவளமுள்ள பிள்ளைகள் இந்தப் பேச்சை நம்பி, மனசு ஒட்டாத படிப்பில் போய்ச் சேருகிறார்கள்.

பாகங்கள் குறைந்தது உண்மை. ஆனால் மிஞ்சியவற்றுக்கு வேலை கூடிவிட்டதை அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை. என்ஜின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த கியரின் கீச்சொலி மின்வண்டியில் அப்படியே காதில் விழுகிறது. பல்லை இன்னும் துல்லியமாக அரைத்தாக வேண்டும். மோட்டாரிலிருந்து கசியும் மின்சாரம் பேரிங்குகளை அரித்துக் குழியாக்குகிறது. பேட்டரியின் எடையும், திருகியவுடன் கிடைக்கும் முழு இழுவிசையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கின்றன. உருளும்போது டயர் தின்னும் சக்தி கூடினால், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைகிறது. மேலூர்ப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை வைத்திருக்கும் ஊர் இது. டயர் மின்வண்டியிலும் உண்டு என்பதை நமக்கா சொல்லித்தர வேண்டும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் சூடு. லித்தியம் செல்லுக்கு 25 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் இதம். மதுரையில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. நிழலில்லாத ஸ்டாண்டில் பகலெல்லாம் நிற்கும் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டி அதற்கும் மேலே கொதிக்கும். பெட்டியின் நடுவில் இருக்கும் செல்கள் ஓரத்துச் செல்களைவிடச் சூடாகி முதலில் தளர்கின்றன. வரிசையில் ஒரு செல் தளர்ந்தால் மொத்தப் பேக்கும் அதன் அளவுக்குக் கீழிறங்கிவிடும். சூடு எல்லை மீறினால் தீதான். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தகப்பனும் மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த வருடம் நாட்டின் பல ஊர்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. அது என்ன கேட்கிறது? சூடு பரவாதபடி செல்லுக்குச் செல் இடைவெளி, உள்ளழுத்தம் வெளியேற ஒரு வழி, வெப்பத்தைக் கண்காணிக்கும் சென்சார்கள், ஒரு செல் எரிந்தால் மற்றவை என்னாகின்றன என்று பார்க்கும் சோதனை. இவற்றில் பெரும்பகுதி, மெக்கானிக்கல் மாணவன் ஹீட் டிரான்ஸ்ஃபர் தாளில் படிக்கிற பாடம். அரியர் விழுமே என்று பயந்து ஒப்பேற்றுகிற அதே தாள். குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் அதிரும் பெட்டிக்குள் பற்றவைப்பு விட்டுப்போகாமல் பார்ப்பதும், மழைத்தண்ணீர் புகாமல் மூடுவதும் அவன் வேலைதான். இது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. இதற்குப் பிள்ளைகளை வரவிடாமல் தடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“எல்லாமே சாஃப்ட்வேர்தான்” என்கிறார்கள். செல் எப்படிச் சூடாகிறது என்று தெரியாதவன் எழுதும் புரோகிராம் எந்தத் தீயையும் தடுக்காது. தொடக்கச் சம்பளம் ஐடியைவிடக் குறைவு என்பார்கள்; இருக்கட்டும், முதல் வருடச் சம்பளத்தை வைத்தா ஆயுள்காலத் தொழிலை முடிவுசெய்வது?

“வேலையெல்லாம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம்தான், நம்ம ஊர்ல என்ன இருக்கு?” என்பது கடைசி அஸ்திரம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மோட்டார் தொழிலைத் தொடங்கியது இந்த மதுரையில். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவில் வண்டி ஓட்டும் டிவிஎஸ் கேஸ் பிளான்ட்டைச் செய்து கொடுத்தது அவருடைய நிறுவனம். எரிபொருள் மாறியபோது மெக்கானிக்குகளுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. இன்று மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் தூத்துக்குடி. அங்கே வின்ஃபாஸ்டின் மின் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது. தொடக்கத் திறன் வருடத்துக்கு 50,000 கார். மதுரைப் பெற்றோரிடம் இனியும் தூரத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமில்லை.