தியாகம் என்று சொல்லாதீர்கள்

மேனாட்டுப் பாலே நடனத்தில் பித்துக்கொண்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அன்னப் பறவை வேடத்தில் பெண்கள் வரிசையாக வந்து ஆடும் காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்குச் சாப்பாட்டு நினைவே வராது. சென்ற வாரம் அவர் எம்மா லிவ்ரி என்ற பிரெஞ்சு நடனக்காரியின் கதையைச் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முடிவில், "கலைக்காகத் தன்னையே தீக்கு இரையாக்கினாள், ஐயா! அதல்லவா தியாகம்!" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நண்பரிடம் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கதை. 1862-ம் ஆண்டு நவம்பர் 15-ம் தேதி, பாரிஸ் ஆப்பரா அரங்கில் ஓர் இசை நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கதாநாயகி வாய் பேசாத பெண். அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் நடனத்தாலேயே சொல்ல வேண்டும். அந்த வேடம் எம்மா லிவ்ரிக்கு. வயது 20. மேடையில் அவள் தன் வெள்ளைப் பாவாடையை உதறிச் சரிசெய்தபோது, பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த காஸ் விளக்கின் சுடர் அதைப் பற்றிக்கொண்டது. எரியும் உடையோடு மேடையில் ஓடினாள். எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, 1863 ஜூலை 26-ம் தேதி இறந்தாள்.

அந்தப் பாவாடை எங்கிருந்து வந்தது? 'டுட்டு' என்று இன்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் அந்த உடைக்கு இரண்டு வழியில் முன்னோர் உண்டு. ஒரு வழி ஆடுகிறவளுடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதே ஆப்பராவில் ஆடிய மாரி காமார்கோ, தரை வரை தொங்கிய பாவாடையைச் சற்றே உயர்த்திக்கொண்டாள். ஊர் முணுமுணுத்தது. ஆனால் அவள் உயர்த்தியது யாரையும் மயக்குவதற்காக அல்ல. துள்ளி எழுந்து காற்றிலேயே கால்களை மாற்றி மாற்றி வீசும் தன் வேலைப்பாடு மக்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. தச்சன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வதைப் போன்றது அது. அதில் ஆபாசத்தைக் கண்டவர்கள் தங்கள் கண்ணைத்தான் கழுவியிருக்க வேண்டும்.

இன்னொரு வழி பார்க்கிறவர்களுடையது. 1822-ல் பாரிஸ் ஆப்பராவுக்குக் காஸ் விளக்கு வந்தது. நிலவொளியைப் போல மங்கிய வெளிச்சத்தை மேடையில் உண்டாக்க முடிந்தது. 1832-ல் 'லா சில்ஃபிட்' என்ற நடனத்தில் மாரி தாலியோனி வன தேவதையாகத் தோன்றினாள். முழங்காலுக்குக் கீழே மணி போல விரிந்த வெள்ளை மஸ்லின் பாவாடை. அந்த வெளிச்சத்தில் அவள் பெண்ணாகவே தெரியவில்லை; தரையைத் தொடாமல் மிதக்கும் மேகமாகத் தெரிந்தாள். பாரிஸ் சொக்கிப்போயிற்று. அதன் பிறகு ஐரோப்பாவின் மேடைகளுக்கெல்லாம் மேகங்கள் தேவைப்பட்டன. சதையும் எலும்பும் உள்ள பெண் போதவில்லை; தேவதைதான் வேண்டும் என்றார்கள்.

மேகம் என்பது என்ன? மெல்லிய பருத்தித் துணி, அடுக்கடுக்காக, அடுக்குகளுக்கு நடுவே காற்று. அதைச் சுற்றி மூடியில்லாத சுடர்கள். வீட்டில் அடுப்பு மூட்டிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். விறகைவிடச் சுள்ளி எளிதில் பற்றும். சுள்ளியைவிடப் பஞ்சு எளிதில் பற்றும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. 1844 டிசம்பரில் லண்டன் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் உடையில் தீப்பிடித்து, மூன்றாம் நாள் இறந்தாள். 1861 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒருத்தியின் உடையில் பிடித்த தீ உதவ வந்தவர்களுக்கும் பரவியது. இறந்த நடனப் பெண்கள் ஆறு பேருக்குக் குறையாது. பிரெஞ்சு அரசாங்கம் 1859-லேயே, நாடக உடைகளைத் தீப்பிடிக்காத ரசாயனக் கரைசலில் தோய்த்தெடுக்க வேண்டும் என்று ஆணை போட்டிருந்தது.

இங்கேதான் நண்பர் தம்முடைய பெரிய ஆயுதத்தை எடுப்பார். "எம்மாவே அந்தத் துணியை மறுத்தாளே!" உண்மைதான். தோய்த்த துணி விறைத்துப்போகும்; நிறமும் மங்கும். தன் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று அவள் 1860-ல் அரங்க நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்தாள். நோய்ப் படுக்கையிலும் அந்தத் துணி அழகில்லை என்றே சொன்னதாகச் சொல்கிறார்கள்.

சரி, ஒரு கேள்வி. எழுதிக் கொடுத்தவள் பதினெட்டு வயதுப் பெண். வாங்கி வைத்துக்கொண்டவர்கள் யார்? அரசாங்க ஆணையைக் கையில் வைத்திருந்த பெரியவர்கள்! ஆலையில் வேலை செய்யும் சிறுமி, "இயந்திரத்தில் கை போனால் நானே பொறுப்பு" என்று எழுதித் தந்தால், முதலாளி அதைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாமா?

அவள் ஏன் மறுத்தாள் என்றும் பாருங்கள். அவளுடைய தாயும் அதே அரங்கில் ஆடியவள். அவளுக்குக் கற்பித்த குருவோ, முதல் மேகமான தாலியோனியேதான். மேகமாக இருந்தால் பூமாலை, இல்லாவிட்டால் பின்வரிசை என்பதைப் பார்த்தே வளர்ந்தவள். சந்தா கட்டிய கனவான்கள் நடனப் பெண்களின் கூடத்துக்குள்ளேயே வந்து உலவிய காலம் அது. ஒரு பெண்ணின் வாழ்வும் தாழ்வும் அவர்களுடைய கண்ணில் இருந்தது. மங்கிய பாவாடையை அணிய அவளுக்கு எங்கிருந்து தைரியம் வரும்? கடிதத்தில் கையெழுத்து அவளுடையது. வாசகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுடையது.

அவளுக்காகவே தாலியோனி 1860-ல் அமைத்த நடனத்தில், பட்டாம்பூச்சி தீச்சுடரை நாடிப் போய்ச் சிறகைப் பொசுக்கிக்கொள்ளும். இதைச் சொல்லி, "பார்த்தீர்களா விதியை!" என்று பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. விதி என்பது தியாகத்தின் தம்பி. இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: குற்றவாளியைக் கொல்லைப்புற வழியாக அனுப்பிவிடுகிறார்கள்.

"அழகுக்கு ஒரு விலை உண்டு, ஐயா" என்பார் நண்பர். இல்லை! அந்த அரங்கமே 1873-ல் எரிந்து சாம்பலாயிற்று. 1880-களில் மின்சார விளக்கு மேடைகளுக்குப் பரவியது. ரசிகர்களின் இரக்கம் செய்யாததை ஒரு கண்ணாடிக் குமிழ் செய்தது. சுடர் போனதால் பாலே அழகு குன்றிப்போயிற்றா? 1885-ல் ரஷ்யாவுக்குப் போன இத்தாலியப் பெண் விர்ஜீனியா ஸுக்கி, கால்களின் வேலைக்காகவே பாவாடையை இன்னும் குட்டையாக்கினாள். நண்பர் உருகும் அன்னப் பறவைகள் 1895-ல் பீட்டர்ஸ்பர்க் மேடையில் ஆடிப் பெயர் பெற்றதும் அதற்குப் பிறகுதான். 1950-ல் நியூயார்க்கில் கரின்ஸ்கா என்ற உடை அமைப்பாளர், கம்பி வளையமே இல்லாத மென்மையான டுட்டுவைத் தைத்தார். நெருக்கமாக நின்று ஆடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் இருக்க அது உதவியது. ஆடுகிறவளின் உடம்பைக் கேட்டுத் தைத்த உடையும் அழகாகத்தான் இருக்கிறது.

எம்மாவின் கருகிய உடையின் மிச்சம் பாரிஸ் ஆப்பராவின் நூலகக் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நண்பர் என்றாவது பாரிஸுக்குப் போனால் அதைப் பார்க்கட்டும். கண்ணீர் விடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தியாகம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். தெரிந்த ஆபத்தைத் தடுக்காமல் விட்டார்கள். ஒரு பெண் செத்தாள். அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது.