பேய்க்கு முன் ஆளைப் படியுங்கள்

பேய்க்கதை எழுத ஆசைப்பட்டு என்னைத் தேடி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "உன் கதையில் செத்தது யார்?" என்பதைத்தான். பலரிடம் பதில் இருக்காது. வெள்ளைப் புடவை இருக்கும், கொலுசுச் சத்தம் இருக்கும், பூட்டிய பங்களா இருக்கும். அந்தப் பெண் எந்த ஊர்க்காரி, அவளைச் சாகவிட்டது யார், செத்த பிறகு அவளுக்கு யாராவது படையல் போட்டார்களா என்று யோசித்தே இருக்க மாட்டார்கள். படம் பார்த்து எழுதினால் இப்படித்தான் வரும்.

கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரில் பிறந்தவள் நான். உத்தமபாளையத்தில் உட்கார்ந்து மாத நாவல்களுக்குத் திகில் கதை எழுதுகிறேன். பேய்க்கதையை மட்டும் படித்தவரால் நல்ல பேய்க்கதை எழுத முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நம் மண்ணில் பேயாக அலைபவர்களில் பெரும்பாலோர் அநியாயமாகச் செத்தவர்கள். பழையனூர் நீலி கணவன் கையால் செத்தவள். பாபநாசம் மலையடியில் முத்துப்பட்டன் கொலையுண்டு செத்து, பிறகு சாமியானான். எங்கள் கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், ஆண்டுக்கு ஒருநாள் சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் மக்கள் ஏறிப்போய்க் கும்பிடும் கண்ணகி, புருஷனை அநியாயமாகப் பறிகொடுத்தவள். இவர்களைப் படிக்காமல் பயத்தை எழுத உட்காருவது வெறுங்கையோடு முழம் போடுகிற வேலை.

ஆகவே என் மேசையில் பேய்க்கதை குறைவு, மற்றவை அதிகம். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கலிங்கத்துப்பரணியை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுக்கிறேன். அதில் செயங்கொண்டார் காட்டும் பேய்கள் யாரையும் பயமுறுத்த வந்தவை அல்ல, அவற்றுக்குப் பசி. போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பங்கு வைக்கின்றன. பேய்க்கும் ஒரு தேவை உண்டு என்பதை அங்கேதான் கற்றேன். தேவை இல்லாத பேய் இரண்டாம் அத்தியாயத்தில் அலுத்துவிடும்.

நான் அதிகம் பயந்த புத்தகத்தில் பேயே கிடையாது. ஏ.டி. மெக்கன்சி என்ற பொறியாளர் 1899இல் வெளியிட்ட பெரியாறு அணைத் திட்டத்தின் வரலாறு அது. 1887இல் தொடங்கி 1895இல் தண்ணீர் திறந்துவிடும் வரைக்கும் நடந்ததை ஒரு பொறியாளருக்கே உரிய நிதானத்தோடு சொல்கிறது. குருவனூத்துப் பக்கம் வெட்டிய சுண்ணாம்புக்கல் கம்பிவழியே மலையேறுகிறது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப்போகிறது. மலேரியாவும் காலராவும் ஆட்களைத் தின்கின்றன. காய்ச்சல் மாதங்களில் முகாமே காலியாகிறது. நூற்றுக்கணக்கானோர் அங்கேயே செத்து, அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பள்ளத்தாக்கு இருபோகம் விளைகிறது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம்; வைக்கத்தான் வேண்டும், நன்றி மறக்கக் கூடாது. கூடையில் கல் சுமந்து காட்டில் செத்தவர்களுக்கு யார் பொங்கல் வைத்தது? இந்தக் கேள்வி மனதில் விழுந்த பிறகு, அந்தத் தண்ணீரோடு லோயர் கேம்ப்பில் இறங்கும் ராட்சசக் குழாய்களை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் திகில் நாவல் அங்கே இருக்கிறது. யாராவது எழுத வேண்டும், நானும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

இந்த வழியில் எனக்கு முன்னோடி, மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் 'விடாது கருப்பு' என்று 1997இல் சன் டிவியில் வந்து, வெள்ளைக் குதிரைச் சத்தத்துக்கு ஊரையே கதவடைக்க வைத்தது. தலபுராணம், சித்தர் மரபு, நவபாஷாணம், குலதெய்வ வழக்கம் இவ்வளவையும் கரைத்துக் குடித்தவர் என்பது அவர் எழுத்தில் தெரியும். மேலும் ஒன்று: நம்புகிறவருக்கு ஒரு விடை, மனநல மருத்துவருக்கு ஒரு விடை என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். யாரையும் மூடர் என்று சொல்லவில்லை. முந்நூறுக்கும் மேல் நாவல் எழுதிய அவரையும், பேய்க்கதை மன்னன் என்று பேர் வாங்கிய பி.டி. சாமியையும் இலக்கிய மேடைகள் வாசலிலேயே நிறுத்திவைத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இலக்கியம் என்றால், பயம் இலக்கியத்துக்கு ஆகாத பொருள் என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டுக்காரர்களும் உழைத்துத்தான் எழுதினார்கள். பிராம் ஸ்டோக்கர் 1890 கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊரின் நூலகத்தில் ஒரு பழைய வரலாற்று நூலைப் புரட்டும்போதுதான் டிராகுலா என்ற பெயரைக் கண்டார். அந்த ஊர்க் கல்லறைகளில் இருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டார், கரையில் சிதைந்த ரஷ்யக் கப்பலைப் பற்றிக் கேட்டறிந்தார். நாவல் வந்தது 1897இல். ஸ்டீபன் கிங் வருடத்துக்கு எழுபது, எண்பது புத்தகம் படிப்பதாக எழுதியிருக்கிறார்.

என் எழுத்து வேலை விடியும் முன்னே. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஹாரன் அடிக்கும் நேரத்தில் எழுந்து, பேனாவால் எழுதுகிறேன். இருட்டில் மேட்டுப்பாதை ஏறி, இருட்டில் திரும்பும் அந்தப் பெண்களிடம் கதை நிறைய உண்டு. என் சித்தி பல வருடம் அப்படிப் போனவர். எழுதிய அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். "ஆத்தாடி" என்று பயந்தால் எனக்குத் திருப்தி இல்லை. "பாவம், அவ பிள்ளை என்னாச்சு?" என்று கேட்டால்தான் அந்த அத்தியாயம் அச்சுக்குப் போகும்.

பேயை எவ்வளவு காட்டுவது என்பதைத் தேவதானப்பட்டியில் கற்றேன். மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் மூலஸ்தானக் கதவு திறப்பதே இல்லை; மூடிய கதவுக்குத்தான் பூசை. பக்தியோடு போய் நின்றவள் எழுத்தாளராகத் திரும்பினேன். அதன் பிறகு என் நாவல்களில் பேயின் முகத்தை நான் வர்ணித்ததில்லை.

திகில் எழுத வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: பேயைத் தேடுவதற்கு முன் ஊர் எல்லையில் இருக்கும் கருப்பனும் சோணையும் அங்கே வந்த கதையைப் பூசாரியிடம் உட்கார்ந்து கேளுங்கள். வட்டார நூலகத்துக்குப் போங்கள். மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெரியாறு அணை வேலைக்குப் போய்த் திரும்பாத முன்னோர் பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறையில் ஒரு நகல் கொடுங்கள்.